வெட்டுக்காயமும் குத்துக்காயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாள் பயிலும் மாணவர்களுக்கும், நாள் முழுவதும் கூரிய கருவிகளோடு புழங்கும் தொழிலாளர்களுக்கும் பல ஆண்டுகளாக முதலுதவி வகுப்பு எடுத்து வருகிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு ஓரிருவர் தயங்கி நின்று கேட்கும் சந்தேகங்களைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. பதில்கள் மருத்துவரிடம் போய்ச் சேரும் வரையிலான நேரத்துக்கும், காயமே படாமல் பார்த்துக்கொள்வதற்கும் உரியவை.

வெட்டு, குத்து என்று ஏன் பிரித்துச் சொல்கிறீர்கள்? இரண்டும் கத்திக் காயம்தானே?

வெட்டுக்காயத்தில் நீளம் அதிகம், ஆழம் குறைவு. பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் சேதம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இருக்கும். இரத்தமும் வெளியேதான் வரும். குத்துக்காயத்தில் ஆழம் அதிகம், வாய் சிறிது. தோலில் ஒரு விரற்கடை அகலத்துக்குத் தெரியும் கீறலுக்குக் கீழே நுரையீரலோ கல்லீரலோ பெரிய இரத்தக் குழாயோ அறுந்திருக்கலாம். வெளியே தெரிவதை வைத்து உள்ளே நடந்ததை மதிப்பிடக் கூடாது என்பதை இந்தப் பக்கம் முழுவதும் நீங்கள் திரும்பத் திரும்பச் சந்திப்பீர்கள்.

இரத்தம் கொட்டுகிறது. முதல் நிமிடத்தில் என்ன செய்வது?

முதலில், அந்த இடம் உங்களுக்குப் பாதுகாப்பானதா என்று பாருங்கள். தாக்கியவர் அங்கேயே நின்றால், அல்லது ஆயுதம் காலடியில் கிடந்தால், நீங்களே இரண்டாவது நோயாளி ஆகிவிடுவீர்கள். அடுத்து, அருகில் இருக்கும் ஒருவரைப் பார்த்து, "நீங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்" என்று சுட்டிச் சொல்லுங்கள். "யாராவது கூப்பிடுங்கள்" என்றால் எல்லோரும் மற்றவர் கூப்பிடுவார் என்று நிற்பார்கள்.

பிறகு அழுத்துங்கள். சுத்தமான துணி இருந்தால் துணியால், இல்லாவிட்டால் கையில் அகப்படும் துணியால், அதுவும் இல்லையென்றால் வெறுங்கையால். கையுறை கிடைத்தால் அணியலாம், ஆனால் அதைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம்தான் உண்டு. பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். காயத்தைக் கழுவுவது, மருந்து போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிப்பது? நடுவில் நின்றுவிட்டதா என்று பார்க்கலாமா?

குறைந்தது 10 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. நடுவில் எடுத்துப் பார்க்கவே கூடாது. வகுப்பில் கனத்த நுரைப்பஞ்சு ஒன்றில் பிளவு போட்டு, உள்ளே குழாய் செருகி, சிவப்புத் தண்ணீரை ஓடவிட்டு அழுத்தச் சொல்வேன். முதல் அரை நிமிடத்துக்குள் பத்தில் ஏழெட்டுப் பேர் துணியின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்துவிடுவார்கள். பஞ்சில் அதனால் நட்டமில்லை. உண்மையான காயத்தில் அப்போதுதான் உறையத் தொடங்கியிருந்த இரத்தக்கட்டி துணியோடு பிய்ந்து வரும். கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

அழுத்தம் விரல் நுனியிலிருந்து வரக் கூடாது. காயம்பட்டவரைக் கெட்டியான தரையில் படுக்கவைத்து, முழங்கையை மடக்காமல், இரு கைகளாலும் உடல் எடையை இறக்கி அழுத்த வேண்டும். வலிக்கிறது என்று அவர் சொன்னாலும் தளர்த்தக் கூடாது. துணி நனைந்து ஊறினால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். அதுவும் ஊறிவிட்டால் நீங்கள் அழுத்துவது இரத்தம் வரும் புள்ளியை அல்ல என்று பொருள். அப்போது மட்டும் இரண்டையும் எடுத்துவிட்டு, இடத்தைச் சரியாகப் பார்த்துப் புதிதாக அழுத்துங்கள். துணிக்கு மேல் துணி என்று அடுக்கிக்கொண்டே போனால் அழுத்தம் பரவி வீணாகும்.

கையை மேலே தூக்கிப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும் என்று பள்ளியில் படித்தோமே?

முன்பு அப்படித்தான் கற்பித்தார்கள். உயர்த்துவதாலும், தொலைவில் உள்ள நாடித்துடிப்புப் புள்ளியை அழுத்துவதாலும் பெரிய இரத்தப்போக்கு நிற்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லாததால், இன்றைய வழிகாட்டுதல்கள் இவற்றை முதன்மைப்படுத்துவதில்லை. விரலில் சின்ன வெட்டு என்றால் தூக்கிப் பிடிப்பதில் தவறில்லை. ஆனால் காயத்தின் மேல் இருக்க வேண்டிய கை வேறு எங்கும் போகக் கூடாது.

கத்தி உடம்பிலேயே செருகி நிற்கிறது. பிடுங்கிவிடலாமா?

கூடாது. அறுந்த இரத்தக் குழாயை அந்தக் கத்தியே அடைத்துக்கொண்டு நிற்கக்கூடும்; பிடுங்கினால் அடைப்பு திறந்துவிடும், வெளியே வரும் வழியில் அலகு மேலும் அறுக்கும். கத்தியின் இரு பக்கமும் துணிச் சுருள்களை அணைத்து வைத்து, அது ஆடாதபடி சுற்றிக் கட்டுங்கள். அழுத்துவதானால் கத்தியை ஒட்டிய இரு பக்கங்களில் அழுத்த வேண்டும், கத்தியின் மேல் அல்ல. வண்டியில் ஏற்றும்போது கைப்பிடி எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். இந்த ஒரு வேலைக்கு ஆள் நிறுத்த எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இறுக்கிக் கட்டினால் கை அழுகிப் போய்விடும் என்கிறார்களே? கட்டலாமா, கூடாதா?

டூர்னிக்கெட் எனப்படும் இறுக்குக்கட்டைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு, மேலே சொன்னபடி அழுத்தியும் நிற்கவில்லை என்றால் கட்டத்தான் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் அவிழ்க்கப்பட்டால் கட்டு காரணமாக உறுப்பை இழப்பது அரிது. கட்டாததால் உயிரை இழப்பது அவ்வளவு அரிதல்ல.

காயத்துக்கு மேலே, அதாவது உடற்பகுதியை நோக்கிய பக்கத்தில், 5 முதல் 8 சென்டிமீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும். மூட்டின் மேல் கட்டக் கூடாது. இரத்தம் நிற்கும் வரை இறுக்க வேண்டும். அரைகுறையாக இறுக்கினால் திரும்பி வரும் சிரை இரத்தம் மட்டும் தடைபட்டு, தமனியிலிருந்து வருவது தொடர்ந்து ஓடி, இரத்தப்போக்கு அதிகமாகும். சரியாகக் கட்டினால் கடுமையாக வலிக்கும். வலி என்பதற்காக அவிழ்க்காதீர்கள். கட்டிய நேரத்தைப் பேனாவால் கட்டின் மேலோ நெற்றியிலோ எழுதுங்கள். ஆயத்தக் கட்டு இல்லையென்றால் நான்கு சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள துணியைக் கட்டி, முடிச்சில் ஒரு கெட்டியான குச்சியைச் செருகி முறுக்க வேண்டும். இடுப்பு வாரால் மட்டும் இவ்வளவு இறுக்கம் வராது. கயிறும் கம்பியும் சதையை அறுக்கும் என்பதால் அவை வேண்டாம்.

கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வெட்டு விழுந்தால் கட்டு எங்கே போடுவது?

போட முடியாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் துணியையோ காஸ் துணிச்சுருளையோ காயத்தின் உள்ளே, இரத்தம் வரும் ஆழம் வரை, விரலால் திணித்து நிரப்பி, அதன் மேல் முன்பு சொன்னது போல எடையை இறக்கி அழுத்த வேண்டும். காயத்துக்குள் விரல் விடுவதா என்று தயங்குவது இயல்பு. ஆனால் வெளியே வைத்த துணி, உள்ளே ஆழத்தில் அறுந்த குழாயைத் தொடுவதே இல்லை.

கழுத்தில் வெட்டுப்பட்டால் திணிக்காமல் காயத்தின் மேல் மட்டும் நேராக அழுத்துங்கள். மூச்சுக்குழாயை அமுக்கக் கூடாது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது. கழுத்தைச் சுற்றி எதையும் கட்டக் கூடாது. கழுத்துச் சிரை வழியே காற்று உள்ளே இழுக்கப்படும் ஆபத்தும் உண்டு, ஆகையால் கையை எடுக்காமல் மூடியே வைத்திருங்கள்.

மார்பில் குத்து விழுந்தால் பிளாஸ்டிக் தாளை ஒட்டி அடைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். சரியா?

இப்போது அவ்வாறு செய்வதில்லை. காயத்தை முழுவதும் அடைத்துவிட்டால், கிழிந்த நுரையீரலிலிருந்து கசியும் காற்று வெளியேற வழியின்றி மார்புக்கூட்டுக்குள் தேங்கி, இதயத்தையே ஒரு பக்கம் தள்ளும் அளவுக்கு அழுத்தம் ஏறலாம். ஆகவே பயிற்சி இல்லாதவர் அந்தத் துளையைத் திறந்தபடி விட்டுவிடுவதே நல்லது. இரத்தம் அதிகமாகக் கொட்டினால் மட்டும் துணியால் அழுத்தலாம். அழுத்திய பிறகு மூச்சு மோசமானால் துணியை உடனே அகற்ற வேண்டும். நினைவோடு இருப்பவரை, அவருக்கு எது எளிதோ அந்த நிலையில் சாய்ந்து உட்கார விடுங்கள்.

வயிற்றிலிருந்து குடல் வெளியே வந்துவிட்டால்?

உள்ளே தள்ள முயலாதீர்கள். சுத்தமான, ஈரமான துணியால் மூடி, ஈரம் காயாமலிருக்க அதன் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்துங்கள். மல்லாந்து படுக்கவைத்து முழங்காலை மடக்கிவைத்தால் வயிற்றுத் தசை தளரும். குடிக்க எதுவும் தரக் கூடாது. பெரிய குத்துக்காயம் எதற்கும் இதுவே விதி; நாக்கு வறண்டு தண்ணீர் கேட்பார், கெஞ்சுவார், மறுப்பது கொடுமையாகத் தோன்றும், ஆனால் அடுத்து அறுவை அறைக்குள் மயக்க மருந்து கொடுக்கும்போது அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம். உதட்டை நனைத்துவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சின்னக் குத்துதான், இரத்தமும் நின்றுவிட்டது, நன்றாகப் பேசுகிறார். வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?

கழுத்து, மார்பு, முதுகு, வயிறு, இடுப்பு, தொடையிடுக்கு: இவற்றில் எங்கே குத்து விழுந்திருந்தாலும், எவ்வளவு சிறிதாக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். இரத்தம் வெளியே நின்றிருக்கலாம், உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். உடல் தன் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கும் வரை இரத்த அழுத்தத்தை விழவிடாமல் தாக்குப்பிடிக்கும். இளைஞர்கள் கடைசி வரை நன்றாகவே பேசிக்கொண்டிருந்து, பிறகு சட்டென்று சரிவார்கள்.

வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை, வேகமான மூச்சு, தாகம், காரணமில்லாத பதற்றம், பேச்சில் குழப்பம் ஆகியவை அதற்கு முன்னறிகுறிகள். பதற்றத்தைப் பயம் என்று எண்ணிவிடுகிறோம். அவரைப் படுக்கவைத்து, போர்வையோ சட்டையோ போர்த்திச் சூடாக வையுங்கள். உடல் குளிர்ந்தால் இரத்தம் உறையும் திறன் குறையும்.

விரல் துண்டாகிவிட்டது. ஐஸில் போட்டு எடுத்துப் போகலாமா?

நேராகப் போடக் கூடாது. பனிக்கட்டி தொட்ட இடத்தில் திசு உறைந்து செத்துவிடும். துண்டை ஈரமான சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் வைத்து நன்றாக மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீர் உள்ள இன்னொரு பாத்திரத்தில் வையுங்கள். விரலில் தசை இல்லாததால் குளிரில் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். தசை மிகுந்த முன்கை போன்ற பகுதிக்கு ஆறு மணி நேரம் போல்தான் அவகாசம். மீண்டும் இணைக்க முடியுமா என்பதை அறுவை மருத்துவர்தான் சொல்ல முடியும், ஆதலால் நசுங்கியிருக்கிறது என்று நீங்களே முடிவுசெய்து துண்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சின்ன வெட்டுக்கு எதைப் போட்டுக் கழுவுவது? ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்ஸைடு?

குடிக்கத் தகுந்த ஓடும் குழாய்த் தண்ணீர் போதும். தாராளமாக, சில நிமிடங்கள். காயத்தைச் சுற்றியுள்ள தோலைச் சோப்பால் கழுவலாம். ஸ்பிரிட்டும் பெராக்ஸைடும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளர வேண்டிய செல்களையும் கொல்லும். நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பது போல் தோன்றும், அவ்வளவுதான். பொடி, சாம்பல், இலைச்சாறு எதையும் உள்ளே அப்பாதீர்கள். தையல் போடுபவர் முதலில் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டிவரும்.

தையல் வேண்டுமா, வேண்டாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காயத்தின் இரு விளிம்புகளும் தானே சேராமல் வாய் பிளந்து நின்றால், உள்ளே மஞ்சள் நிறக் கொழுப்பு தெரிந்தால், 10 நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டால், காயம் முகத்திலோ மூட்டின் மேலோ உள்ளங்கையிலோ இருந்தால், காட்டிவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள வேண்டாம்; நேரம் ஆக ஆகக் கிருமி பெருகும், பிறகு மூடித் தைப்பதே ஆபத்தாகும். ஆழமான குத்துக்காயத்தை மருத்துவர் வேண்டுமென்றே தைக்காமல் விடுவதும் உண்டு. அது அலட்சியம் அல்ல, சீழ் உள்ளே அடைபடாமலிருக்கத்தான்.

தையலைப் பொதுவாக முகத்தில் 5 நாளிலும், தலையில் 7 முதல் 10 நாளிலும், கை கால்களில் 10 முதல் 14 நாளிலும் பிரிப்பார்கள்.

கத்தியில் துருவே இல்லை. அப்புறம் எதற்கு டெட்டனஸ் ஊசி?

டெட்டனஸ் துருவால் வருவதில்லை. மண்ணிலும் விலங்கின் சாணத்திலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. துருப்பிடித்த பொருள் பெரும்பாலும் மண்ணில் கிடந்தது என்பதால் பழி துருவின் மேல் விழுந்துவிட்டது. பளபளக்கும் கத்தியும் அந்தக் கிருமியைச் சுமக்கலாம். காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயம் அதற்கு உகந்த இடம்.

தடுப்பூசித் தொடரை முன்பே முடித்தவருக்கு, சுத்தமான சிறிய காயமென்றால் கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் மீண்டும் ஓர் ஊசி. அழுக்கான அல்லது ஆழமான காயமென்றால் 5 ஆண்டு ஆகியிருந்தாலே போட வேண்டும். தொடரை முடிக்காதவருக்கும் விவரம் தெரியாதவருக்கும், காயம் அழுக்காகவோ ஆழமாகவோ இருந்தால், எதிர்ப்பொருள் ஊசியும் சேர்த்துத் தேவைப்படும்.

காயம் ஆறிவிட்டது, ஆனால் விரல் நுனி மடங்கவில்லை. தானாகச் சரியாகிவிடுமா?

ஆகாது. இதை என் இடது ஆள்காட்டி விரலை வைத்தே சொல்கிறேன். ஒரு வாளின் அலகுக்கு எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தபோது துணி நழுவி, நடுக்கணுவுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் வெட்டு. இரத்தம் சீக்கிரமே நின்றதால் நானே கழுவிக் கட்டுப் போட்டுவிட்டேன். முதலுதவி கற்பிப்பவனுக்கு இது போதாதா என்ற எண்ணம்! பத்தாம் நாள் சட்டைப் பொத்தானைப் போடும்போதுதான், விரலின் கடைசிக் கணு என் பேச்சைக் கேட்கவில்லை என்பது தெரிந்தது. மடக்கும் தசைநார் அறுந்து உள்ளே சுருண்டுபோயிருந்தது. அறுவைச் சிகிச்சையும் மூன்று மாதப் பயிற்சியும் ஆன பிறகும் அந்தக் கணு முழுவதுமாக மடங்குவதில்லை.

ஆகவே கையில் வெட்டுப்பட்டவுடனேயே இரண்டைச் சோதியுங்கள். ஒவ்வொரு கணுவும் தனித்தனியே மடங்கி நீள்கிறதா? விரலின் இரு ஓரங்களிலும் தொடுவுணர்வு ஒரே மாதிரி இருக்கிறதா? எதிலாவது குறை இருந்தால் அன்றே கை அறுவை தெரிந்த மருத்துவரைப் பாருங்கள். பாதி அறுந்த தசைநார் சில நாள் வேலை செய்துவிட்டுப் பிறகு முழுவதும் அறுந்துபோவதும் உண்டு.

பயிற்சியில் ஒரே வாள் இரண்டு பேரையும் கீறிவிட்டது. அதனால் நோய் தொற்றுமா?

தொற்றலாம். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இரத்தம் பட்ட அலகைக் கிருமிநாசினியால் துடைக்காமல் அடுத்தவரிடம் தரக் கூடாது.

கூர் மழுங்கிய கத்திதானே பாதுகாப்பு?

இல்லை. மழுங்கிய கத்திக்கு அதிக விசை தேவை. அதிக விசை கொடுக்கும்போது அலகு வழுக்கி எதிர்பாராத திசையில் ஓடும். உள்ளங்கையில் பார்க்கும் வெட்டுகள் பலவும் இப்படி வந்தவைதாம். அலகை, பொருளைப் பிடித்திருக்கும் கைக்கும் உடலுக்கும் எதிர்த்திசையில் செலுத்துவது, நீட்டிக் கொடுக்காமல் கீழே வைத்து மற்றவரை எடுக்கச் சொல்வது, நுரை மறைக்கும் தண்ணீரில் கத்தியை ஊறவிடாதது ஆகிய மூன்றையும் பழக்கமாக்கிக்கொண்டாலே பெரும்பகுதி தவிர்ந்துவிடும். கை தவறி விழும் கத்தியைப் பிடிக்கப் பாயாதீர்கள். காலை இழுத்துக்கொண்டு விழ விடுங்கள்.

வாள் பயிற்சியில் விபத்து எங்கிருந்து வருகிறது?

எதிராளியிடமிருந்து வருவதைவிட உறையிலிருந்தும் கைப்பிடியிலிருந்தும் வருவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வாளை உறையில் செருகும்போது, உறைவாயைப் பற்றிய இடக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தோல் வெட்டுப்படும். மர உறையின் கூர்ப்பக்கத்தை விரல்களால் சுற்றிப் பிடித்து உருவினால் அலகு மரத்தைப் பிளந்து விரலை எட்டும். அடுத்தது கைப்பிடி: சுவரில் மாட்ட விற்கும் அலங்கார வாள்களில் கைப்பிடிக்குள் போகும் காம்பு மெல்லிய கம்பியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஓங்கி வீசினால் அலகு கழன்று பறக்கும். ஒவ்வொரு முறையும் கைப்பிடியோடு அலகைப் பிணைக்கும் ஆணியையும், அலகு ஆடுகிறதா என்பதையும் சோதித்த பிறகே வீசத் தொடங்க வேண்டும்.

முனை மழுங்கிய வாளும் முறிந்தால் ஈட்டியாகும். 1982ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த உலக வாள்வீச்சுப் போட்டியில், 1980 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், எதிராளியின் முறிந்த அலகு முகக்கவசத்தைத் துளைத்துக் கண் வழியே மூளைக்குள் பாய்ந்ததில் இறந்தார். அதன் பிறகுதான் கவசம், உடுப்பு, அலகு மூன்றின் தரமும் கடுமையாக்கப்பட்டது. இன்று பன்னாட்டுப் போட்டிகளில் உடுப்பு 800 நியூட்டன் விசையையும், முகக்கவசத்தின் கழுத்துத் துணி 1600 நியூட்டன் விசையையும் தாங்க வேண்டும். வளைந்தோ விரிசல் விட்டோ இருக்கும் அலகை நிமிர்த்திப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம்.

வெட்டைத் தாங்கும் கையுறை போட்டால் போதுமா?

வெட்டைத் தாங்கும், குத்தைத் தாங்காது. பின்னிய இழைகளுக்கு நடுவே கூர்முனை நுழைந்துவிடும். அதே காரணத்தால் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் மேலுடுப்பும் கத்திக்குத்தைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. குத்துக்கென்றே சோதித்துச் சான்றளிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஒருவர் கத்தியோடு எதிரே வந்தால் எப்படிப் பிடுங்குவது?

பிடுங்காதீர்கள். விலகி ஓட வழி இருந்தால் ஓடுங்கள். பொருளைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஓட வழியே இல்லையென்றால் நாற்காலி, பை, கதவு என எதையாவது நடுவில் நிறுத்தி இடைவெளியை விடாமல் வைத்திருங்கள். தாக்கப்பட்டவர்களின் உள்ளங்கையிலும் முன்கையிலும் காணப்படும் வெட்டுகளுக்குத் தடயவியலில் தற்காப்புக் காயங்கள் என்றே பெயர். வெறுங்கையால் தடுக்கப் போனால் கிடைப்பது அதுதான். பயிற்சிக் கூடத்தில் ரப்பர் கத்தியைப் பிடுங்கிப் பழகியவர்கள் என்னிடம் இதை அதிகம் வாதிடுவார்கள். சாயம் தோய்த்த ரப்பர் கத்தியைக் கொடுத்து ஒருமுறை செய்து பார்க்கச் சொல்வேன். சட்டையில் விழும் கோடுகளை எண்ணிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இது போலீஸ் வழக்காகும் என்று தெரிகிறது. எதையும் தொடாமல் இருப்பதா?

உயிரைக் காப்பதுதான் முதல் வேலை. அதற்காக எதைத் தொட வேண்டுமோ அதைத் தொடலாம். உடையைக் கிழிக்க நேர்ந்தால் கத்தி துளைத்த ஓட்டையின் வழியே கிழிக்காமல் அதைத் தவிர்த்து வெட்டுங்கள். கழற்றிய துணியைக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி இரத்தத் தடயம் கெடும்.

தன் கையைத் தானே வெட்டிக்கொண்டவருக்கும் இதே முதலுதவிதானா?

காயத்துக்கு எல்லாம் ஒன்றே: அழுத்துவது, கட்டுவது, தசைநாரைச் சோதிப்பது. மணிக்கட்டில் தசைநார்களும் நரம்புகளும் தோலுக்கு மிக அருகில் ஓடுவதால் விரல் சோதனையை விட்டுவிடாதீர்கள். கூடுதலாகச் செய்ய வேண்டியவை சில உண்டு. அவரைத் தனியே விடாதீர்கள். கூரிய பொருள்களையும் மாத்திரைகளையும் அமைதியாக அப்புறப்படுத்துங்கள். திட்டவோ, ஏன் செய்தாய் என்று குடையவோ வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் இப்போதும் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. காயம் கீறல் அளவே ஆனாலும் மருத்துவமனைக்கு நீங்களும் உடன் போய், தையல் போடுபவரிடம் காயம் எப்படி ஏற்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லி, மனநல மருத்துவரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.